ஆவுடைத்தாய் எடுத்த அச்சு

காருகுறிச்சி ஆவுடைத்தாயிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. கோயிலுக்கு நேர்ந்துவிடும் மண் உருவங்களைச் செய்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு வேறு. அது பொய்யும் இல்லை.

1993-இல் பாளையங்கோட்டையில் பல்செட் கட்டும் ஒருவர், பாக்கியசீலனை அவளிடம் அனுப்பினார். இலங்கைக்குப் போன அமைதிப் படையில் இருந்தவன். கண்ணிவெடியில் மூக்கும் இடது கன்னமும் போய்விட்டன. வீட்டிலும் துண்டால் முகத்தை மூடியே இருப்பான். ஐந்து வயது மகள் ஜெபக்கனி அவன் கிட்டேயே வரமாட்டாள்.

"எம்பிள்ள எங்கிட்ட வரணும்க்கா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

ஆவுடைத்தாய் களிமண்ணில் முகம் செய்துகொடுத்தால், பல்செட்காரர் அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, மூக்குக்கண்ணாடியோடு பொருத்தித் தருவதாக ஏற்பாடு.

துண்டை எடுக்கப் போனவனை அவள் தடுத்துவிட்டாள். உறுப்புக் குறைந்த, பின்னமான உருவத்தைச் செய்வது சாமிக்கு உருவம் செய்பவர்கள் வழக்கத்தில் ஆகாது. சூளையில் விரல் ஒடிந்த பொம்மையைக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"கல்யாண போட்டோ இருக்குல்லா? அத வச்சு நான் செய்யுதேன். மூடிக்கோ தம்பி."

முகம் அச்சு அசலாக வந்தது. அதை மாட்டிக்கொண்டு பாக்கியசீலன் வீட்டுக்குப் போனான். ஜெபக்கனி தயங்கித் தயங்கி வந்தாள். அவளைத் தூக்கக் குனிந்ததும் முகம் கழன்று கீழே விழுந்தது. சிறுமி அலறிக்கொண்டு ஓடிவிட்டாள். அடியில் உள்ள காயத்தின் மேடுபள்ளத்தை அளவெடுக்காமல் செய்தது எப்படி நிற்கும்?

செய்தி கேட்ட ஆவுடைத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே பஸ் ஏறிப் பாளையங்கோட்டையில் அவன் வீட்டுக்குப் போனாள்.

"தப்பு எம்மேலதான் தம்பி. துண்ட எடு."

மூச்சுவிட வாயில் குழல் வைத்து, முகம் முழுக்கப் பிளாஸ்டர் பூசி அச்செடுத்தாள். வழக்கத்தை மீறுவதற்கு, சாமிக்குத் தெரியும் என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். அந்த அச்சில் வார்த்த வெள்ளை முகத்தை முக்காலியில் காயவைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது ஜெபக்கனி அதன் முன்னால் நின்றிருந்தாள். கன்னத்துக் காயக் குழிக்குள் விரலை விட்டு மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். சிறுமி நேரே பாக்கியசீலன் உட்கார்ந்திருந்த கட்டிலுக்குப் போனாள். அப்பாவின் துண்டை விலக்கி அதே இடத்தைத் தொட்டாள்.

"இங்கன வலிச்சுதாப்பா?"

"ரொம்ப வலிச்சுதும்மா" என்று சொல்லிப் பாக்கியசீலன் அழுதுவிட்டான்.

அவள் ஓடவில்லை. மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.