ஊசியக்கா கைகாட்டிய கடை

என் அண்ணி யாருக்கும் பொய் சொல்லமாட்டாள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். கூட இருந்து பாருங்கள், அப்போது தெரியும்! நான் முதன்முதலாக முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு ஆசை ஆசையாக அவள் முன்னால் போய் நின்றபோது, ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வளர்ந்துடும், கவலைப்படாதே" என்றாள். எனக்கோ கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. முடி வளர்ந்துவிட்டது, வேறென்ன.

அண்ணிக்குத் தையல் தொழில். ஒரு மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி, நீளம் குறைக்க வந்து தொங்கும் பேண்ட்டுகள், இவ்வளவுதான் கடை. வாசலில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சால்தான் அவளுக்கு இந்தப் பெயரும் புகழும். எங்கள் தெருவுக்கு இப்போது அப்படி ஒரு மவுசு. இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள், கண்ணாடிக் கதவுகள், கம்பியில் தொங்கும் பல்புகள், வாசலில் சாக்பீஸில் எழுதிய பலகைகள். போனில் பார்த்தால் எல்லாக் கடைக்கும் ஐந்து நட்சத்திரம். வருகிறவர்கள் குழம்பிப்போய், கால் வலித்து, அண்ணியின் பெஞ்சில் உட்காருவார்கள். பிறகு மெதுவாக அந்தக் கேள்வி வரும்.

"அக்கா, இங்க எங்க சாப்பிட்டா நல்லா இருக்கும்?"

அண்ணி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். "பசிக்கு வந்தீங்களா, பேச வந்தீங்களா?" என்பாள்.

பசி என்றால் முனையில் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் கடை. பேச்சு என்றால் மாடிக் கடை. "சாப்பாடு சுமார்தான். ஆனா எழுந்திரின்னு யாரும் விரட்ட மாட்டாங்க." வெட்கத்தோடு ஓர் ஆணும் பெண்ணும் வந்தால் ஒரு பார்வை பார்ப்பாள். "முதல் தடவையா? அப்ப கையில பிசுபிசுன்னு ஒட்டறது எதையும் ஆர்டர் பண்ணாதீங்க." சொன்னது சொன்னபடி இருக்கும். அடுத்த வாரம் அவர்களே பிய்ந்த பட்டனோடு திரும்பி வருவார்கள். இப்படித்தான் அவள் தெருவுக்கே ஊசியக்கா ஆனாள். எங்கே என்ன சாப்பிடலாம் என்று வீடியோ போடும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள்கூட பெஞ்சில் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுப்பாள்.

இதெல்லாம் அண்ணிக்கு எப்படித் தெரியும் என்றால், கடைக்காரர்களின் ஏப்ரன், திரைச்சீலை, மேசைவிரிப்பு எல்லாம் அவள் தைத்தவை. புதிதாக எதைச் சமைத்தாலும் ஒரு தட்டு அவளுக்கு வந்துவிடும். ஒரு முதலாளி ரிப்பன் கட்டி ஒரு முழுக் கேக்கே அனுப்பினார். ஒரு துண்டு தின்றுவிட்டு, "ரிப்பன் நல்லா இருந்துச்சு" என்று சொல்லி அனுப்பினாள். எவ்வளவு நல்ல சாப்பாடாக இருந்தாலும் ஒரு தட்டோடு சரி. இன்னும் கொஞ்சம் வை என்று அவள் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்ட என் அண்ணன், ஹோட்டல்களுக்கு அடுப்பு ரிப்பேர் செய்கிறவன். தெருவில் அவன் அடுப்பண்ணன். அவன் கை படாத பர்னர் எங்கள் தெருவில் கிடையாது. ரிப்பேர் முடிந்ததும் ஒரு சட்டியை ஏற்றி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றுவான். ஓரம் சுற்றிவர ஒரே மாதிரி முறுகி, நடுவில் மஞ்சள் கலையாமல் தளதளவென்று நின்றால் தீ சரி. ஒரு பக்கம் மட்டும் கருகினால் மறுபடி கழற்றுவான். இத்தனை வருஷமாக அவனுக்கு இதுதான் பரிசோதனை. முட்டையை அங்கே யார் நிற்கிறார்களோ அவர்களிடம் நீட்டிவிட்டு வந்துவிடுவான்.

எல்லாச் சமையலறையிலும் நின்று நின்று அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. அண்ணியின் கடைக்கு நேர் எதிரே ஓர் இடம் காலியானதும், கையில் இருந்ததையெல்லாம் கொட்டி, வேலையையும் விட்டுவிட்டு, சொந்தமாகக் கடை போடுகிறேன் என்று கிளம்பிவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை! நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன். நாற்காலிகளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். பலகையில் மெனு எழுதினேன், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். காளான் சூப், வெண்ணெயில் வதக்கிய மீன், சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு என்று தெருவில் யார் யார் என்னென்ன செய்கிறார்களோ அத்தனையும் அதில் இருந்தது. பலகை போதாமல் பக்கவாட்டிலும் எழுதினேன்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. அண்ணி காளான் சூப்பை ஒரு வாய் குடித்தாள். அண்ணனும் நானும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உப்பு இருக்கு. காளான் இருக்கு. சூப் எங்க?" என்றாள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வந்ததே கோபம்! அவளை அடுக்களைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணி, திறக்கிற அன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், எதிர்க்கடைக்குப் போங்கன்னு சொன்னா உங்க வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா? நீங்க கைகாட்டலேன்னா அந்தக் கடைக்கு யாரு வருவாங்க? எங்கண்ணன் வேலையையும் விட்டாச்சு!"

"பசியோட வர்றவங்கடி. அவங்ககிட்டப் போய் எப்படி..." என்றாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கடை திறந்த அன்று நல்ல வெயில், நல்ல கூட்டம். எல்லாம் தெருவில்தான். எங்கள் கடையில் நாங்கள் இருவரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிரே பெஞ்சு நிரம்பி வழிகிறது. அண்ணியின் வாய் அசைகிறது. எழுந்தவர்கள் இடது பக்கம் போகிறார்கள், வலது பக்கம் போகிறார்கள், நேரே மட்டும் வரவில்லை. அண்ணன் ஸ்பூன்களை எடுத்து எடுத்துத் துடைத்தான். சொந்தப் புருஷன் கடை, இந்தப் பொம்பளைக்கு நெஞ்சு கல்லா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கதவு திறந்தது. இரண்டு பேர்!

"எதிர்ல ஊசியக்கா அனுப்பினாங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாங்க வாங்க, உட்காருங்க! காளான் சூப்பு, வெண்ணெயில வதக்கின மீனு..."

"முட்டை இருக்கா? முட்டை மட்டும் கேளுங்க, வேற எது சொன்னாலும் வேண்டாம்னு சொல்லிடுங்கன்னாங்க."

பின்னாலேயே மூன்று பேர். அவர்களுக்கும் முட்டை. பிறகு ஒரு குடும்பம், குழந்தை உட்பட முட்டை. முட்டை என்ற சொல்லே எங்கள் மெனுவில் இல்லை. கேக்குக்கு வாங்கி வைத்தது ஒரு தட்டு இருந்தது, அவ்வளவுதான். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே விடுவிடுவென்று தெருவைக் கடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏம்மா, மாசக்கணக்கா உட்கார்ந்து மெனு போட்டு வெச்சிருக்கேன், நீ முட்டைக்கா ஆள் அனுப்பற?"

"ஆமாங்க."

"முட்டையெல்லாம் ஒரு சமையலா? அடுப்பு சரியா இருக்கான்னு பார்க்கப் போடறது அது!"

"அதைத்தான் நீங்க நல்லாப் போடறீங்க."

"என் மானத்தை வாங்கிட்டியே! வீட்டுல சொன்னது போதாதுன்னு நடுத்தெருவுல வேறயா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீடியோ பெண் சட்டென்று எழுந்தாள். "ஒரு நிமிஷம். அக்கா, இவரு உங்க வீட்டுக்காரரா? எதிர்க்கடை உங்க சொந்தக் கடையா? இத்தனை பேரை அனுப்பறீங்க, ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. "ஓ, அப்படியா சங்கதி" என்றார் ஒருவர். பின்னால் இன்னொருவர், "அதானே பார்த்தேன்" என்று சிரித்தார். பொய் சொல்லுங்கள் என்று கெஞ்சியவள் நான். இப்போது பொய்யே சொல்லாதவள், எல்லார் முன்னாலும் பொய்க்காரியாக நிற்கிறாள். இத்தனை வருஷமாகச் சேர்த்த பேர் இந்த ஒரு மத்தியானத்தில் போய்விடும் போலிருந்தது.

அண்ணி மெஷினை நிறுத்தினாள். அவள் காது சிவந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஆமா, என் வீட்டுக்காரர்தான். அதனாலதான் முட்டை மட்டும் கேளுங்கன்னு சொன்னேன். பொய் சொல்றவளா இருந்தா சூப்பும் பிரமாதம்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

பெஞ்சு முழுக்கக் குபீரென்று சிரித்தது. வீடியோ பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சூப்பு அவ்வளவு மோசமா அக்கா?" என்றாள்.

"ஒத்திகைன்னு சொல்லிச் சொல்லி தினம் நான்தான் குடிச்சேன். என்னைக் கேளு."

அண்ணன் சிரிக்கவில்லை. கரண்டியோடு அப்படியே நின்றான். அண்ணி அவன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "இந்தத் தெருவுல எல்லார் சமையலையும் சாப்பிட்டாச்சு. அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தா உங்ககிட்ட நான் கேட்கறது என்னங்க?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "முட்டை" என்றான்.

"போய்ப் போடுங்க. உள்ள குழந்தை பசியோட உட்கார்ந்திருக்கு."

அடுத்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்! சட்டி காய்ந்தது, முட்டை விழுந்தது, ஓரம் பொரபொரவென்று முறுகியது, நடுவில் மஞ்சள் அசையாமல் நின்றது. பக்கத்தில் சுட்ட ரொட்டி. அந்தக் குழந்தை தட்டை நக்கியது. அவன் கை என்ன செய்கிறது என்று அவனே பார்க்கவில்லை, அது பாட்டுக்கு உடைத்தது, சாய்த்தது, எடுத்தது. நான் முட்டை வாங்க இரண்டு முறை ஓடினேன். நடுவில் ஈரத் துணியால் என் முத்தான கையெழுத்தை அழித்துவிட்டு, 'முட்டை, ரொட்டி' என்று எழுதினேன். வீடியோ பெண் வாயில் ரொட்டியோடு படம் எடுத்தாள். வரிசை வாசலைத் தாண்டி நடைபாதைக்குப் போய்விட்டது.

வரிசையின் கடைசியில் அண்ணி நின்றிருந்தாள். தையல் கடையைப் பூட்டிவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு.

"நீங்க எதுக்கு அண்ணி நிக்கறீங்க, உள்ள வாங்க" என்றேன்.

"ஏன், இவங்களுக்கெல்லாம் பசி இல்லையா? என் முறை வரட்டும்" என்றாள்.

வந்தது. அண்ணன் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினான். அண்ணி நின்றபடியே ரொட்டியால் மஞ்சளைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். கடை முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. தட்டைச் சுத்தமாக வழித்தாள். பிறகு அதை அண்ணனிடம் நீட்டினாள்.

"இன்னொன்னு போடுங்க" என்றாள்.

அடுப்பில் தீ சரியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டு, பர்னரையே வெகுநேரம் திருகிக்கொண்டிருந்தான்.