செம்புக் கோப்பையில் கலந்தது

லிஃப்ட் மெக்கானிக் சனிக்கிழமை மாலைகளில் வோட்காவில் எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டு, போதையில்லாத இஞ்சி பியர் ஊற்றிக் கலக்குவார். ஈரல் கெட்டதும் டாக்டர் குடியை நிறுத்தச் சொன்னார்.

"நீ தனியா கஷ்டப்படாதே மாப்ளே, நானும் விட்டுடுறேன்" என்று மனைவியின் அண்ணன் அவர் கையைப் பிடித்துச் சொன்னார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மெக்கானிக் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தார். சனிக்கிழமைதோறும் இருவருக்கும் வோட்கா மட்டும் இல்லாமல் அதே பானம், ஒரே மாதிரியான இரண்டு செம்புக் கோப்பைகளில்.

ஒருநாள் ஐஸ் எடுக்கப் போய்த் திரும்பியவர் தவறுதலாக மச்சானின் கோப்பையை எடுத்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டார். இஞ்சிக் காரம் எதையும் மூடி மறைக்கும். ஆனால் குடித்துப் பழகிய நாக்கை ஏமாற்ற முடியுமா? வோட்கா! ஓடிப்போய் சிங்க்கில் துப்பினார்.

"எப்பலேருந்து மச்சான்?"

"மொதல் வாரத்துலேருந்தே. நீ அந்தப் பக்கம் போனதும் கொஞ்சம் கலந்துக்குவேன். நீ மனசு உடைஞ்சுடுவியேன்னுதான் மறைச்சேன்."

"உங்களை நம்பித்தானே மச்சான் நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்!"

அடுத்த சனிக்கிழமையும் மச்சான் எதுவும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தார். மெக்கானிக் ஒரே ஒரு கோப்பையில் ஐஸ் போட்டார்.

"எனக்கு?"

"உங்களுக்குத்தான் கலக்கத் தெரியுமே."