நனைக்காத சுவர்

பொறாமை என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. எனக்கு இருந்தது சுத்தமான வயிற்றெரிச்சல்.

சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் உடைந்த ஐப்பசியில், என் வீட்டிலும் அடுத்த வாசலில் இருக்கும் கொழுந்தன் வீட்டிலும் ஆளுக்கொரு மண்சுவர் விழுந்தது. சேதம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் கிறிஸ்துமஸ் வந்துவிட்டதே! இடிந்த வீட்டில் பண்டிகையா என்று நான் மண் குழைத்துச் சுவரை எழுப்பி, வெள்ளையடித்து, வாசலில் ஸ்டாரும் கட்டினேன். கொழுந்தன் பொண்டாட்டி ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டுப் பூப்பறிக்கிற கூலி வேலைக்குப் போய்விட்டாள். ஜனவரியில் சேதம் பார்க்க வந்த அதிகாரி அவள் வீட்டுக்கு முழுச்சேதம் என்று எழுதினார். முழுச்சேதம் என்றால்தான் அரசாங்கத்தில் புது வீடு. என் வீட்டைத் தெருவில் நின்றே பார்த்து, "நல்லாத்தானம்மா இருக்கு" என்றார். நான் தொண்டை வறளக் கத்தியும் அவர் மாற்றி எழுதவில்லை.

அவளுக்கு வெள்ளம் ஏறாத உயரத்தில் அஸ்திவாரம், கான்கிரீட் கூரை, வாசலிலேயே புதுக் குழாய். நான் அந்தக் குழாயில்தான் குடம் வைத்து நிற்க வேண்டும். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

போதாததற்கு ஒரு நாள் காலையில் வந்து நின்றாள். "அக்கா, நான் பூவுக்குப் போறேன். செத்த நேரம் புதுச் செவத்துக்குத் தண்ணி ஊத்தி நனைச்சு விடுங்க. காஞ்சா வெடிச்சுரும்னு கொத்தனார் சொல்றாரு."

"போ, போ, ஊத்துறேன்."

இரண்டு நாள் ஊற்றினேன். மூன்றாம் நாள் கை வரவில்லை. எனக்குக் கிடைக்காத வீட்டுக்கு நான் என்ன வேலைக்காரியா? அதன்பின் ஒரு வாரம், அவள் திரும்பும் நேரம் பார்த்து வாசல் பக்கம் மட்டும் நாலு செம்பு வீசினேன். மற்ற மூன்று பக்கமும் வெயிலில் காய்ந்தன. அவள் ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, "அம்புட்டு வேலையையும் போட்டுட்டு நனைச்சிருக்கீங்களேக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மழையில் என் மண்சுவர் ஊறிச் சாய்ந்தது. அவள்தான் நனைந்துகொண்டு ஓடிவந்தாள். "என்னத்த யோசிக்கிறீங்க? புள்ளைகளத் தூக்குங்க!" என் சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். உள்ளறையில் பாய் விரித்து, பிள்ளைகளைப் பின்பக்கச் சுவரோரம் உட்கார வைத்தாள். அந்தச் சுவரில் மேலிருந்து கீழ்வரை மெல்லிசாக ஒரு வெடிப்பு ஓடியது. அதன் வழியே தண்ணீர் கசிந்தது.

"புள்ளைகள அந்தப் பக்கம் மாத்தி உக்கார வையி" என்றேன்.

"சும்மா இருங்கக்கா. நீங்க தண்ணி ஊத்துன செவரு. அதுக்கு என்ன ஆகப் போகுது?"

நான் பிள்ளைகளை நகர்த்திவிட்டு, அந்த வெடிப்பில் முதுகு பட நானே உட்கார்ந்தேன்.