அதே மழை, அதே வாவி

நனைந்து முளைவிட்ட நெல்லுக்கு ஒரு புளித்த வாசம். நேற்று மட்டக்களப்புச் சந்தை வாசலில் ஓர் ஈர மூட்டை அதை மூச்சாக விட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். போன தை மாதத்து வெள்ளம் மறுபடியும் இடுப்புவரை ஏறியது.

பல்கலைக்கழக வளாகத்தில் சமிக்ஞைகளும் நேரியல் தொகுதிகளும் படிப்பிக்கிறேன். முதலாம் கிழமையே சொல்லிவிடுவேன்: உள்ளே ஒன்று கொடுத்தால் வெளியே ஒன்று தருவதெல்லாம் தொகுதி; அதை ஒருமுறை தட்டி, அது எப்படி அதிர்ந்து அடங்குகிறது என்று அளந்தால் போதும். பாதி கொடுத்தால் பாதி வரும். இன்று கொடுத்தாலும் தையில் கொடுத்தாலும் பதில் மாறாது. சொல்லும்போது எனக்கே அது கவிதை மாதிரி இனிக்கும்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, கடலோரத்து எங்கள் வாவியையே தொகுதியாக எடுத்தாள். மழை உள்ளே, நீர்மட்டம் வெளியே. தாயின் நெல்வயல் வட்டைக்குப் பக்கத்து வாய்க்காலில், கோடுகள் கீறிய கம்பொன்றை நட்டாள். மார்கழி மழைக்கு ஒரு முழம் ஏறி, நாலு நாளில் வடிந்தது. அழகான வளைகோடு. முழுப் புள்ளியும் போட்டேன்.

தையில் நெல் முற்றி நின்றது. மழை வரும் என்றார்கள், மார்கழியில் பெய்ததில் பாதி. மாணவியின் தாய் எனக்குப் போன் எடுத்தாள்.

"மிஸ், வெட்டு மெசின் நாளைக்கு எங்களுக்கெண்டு இருக்கு. பயிர் இன்னும் கொஞ்சம் காயணும். உங்கட கணக்கில தண்ணி எவ்வளவு ஏறும்?"

"அரை முழம். வட்டைக்குள்ள வராது."

"அப்ப மெசினைப் பக்கத்து வட்டைக்கு விட்டுர்றன்."

விட்டாள். மழை சொன்னபடி பாதிதான் பெய்தது.

மூன்றாம் நாள் நான் போனபோது வட்டையைக் காணோம். தண்ணீர், அதன்மேல் வானம். வரம்பென்று கால் வைத்த இடம் இடுப்புவரை இழுத்தது. ஒரு வருடத்து வெள்ளாமை எங்கோ என் காலடியில் கிடந்தது.

"கம்பு எங்க?" என்றேன். அந்த நேரத்திலும் கம்பைத்தான் கேட்டேன்.

தாய் சிரித்தாள். "கம்பா? வெள்ளாமையே தெரியல்ல, கம்பத் தேடுறாங்க மிஸ்!"

"மார்கழியில இப்படி வரல்லையே..."

"மார்கழியில முகத்துவாரம் வெட்டிக் கிடந்த. வந்த தண்ணியெல்லாம் கடலுக்குப் போன. மறுகா அலை மண்ணக் கொண்டுவந்து மூடிட்டு. இப்ப தண்ணி எங்க போற?" என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அத நீங்க கணக்கில சேத்திருப்பீங்க எண்டுதானே நான் கேக்கல்ல."

இந்த வாவிக் கரையில் பிறந்தவள் நான். வெள்ளம் வந்தால், வாவி கடலில் விழும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுவதும், பிறகு கடல் அதை மூடுவதும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வளைகோட்டின் அழகைப் பார்த்தபோது தெரியாமல் போய்விட்டது. திறந்த வாவியை அளந்து, மூடிய வாவிக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். தாயோ என் வாய்ச்சொல்லுக்கு மெசினையே கைவிட்டிருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"போயிட்டு வாறன்" என்று மட்டும் வந்தது.

"ஓம் மிஸ். வீட்ட போக முன்னம் முகத்துவாரத்தடிக்குப் போய், வெட்டத் தொடங்கிட்டாங்களா எண்டு உங்கட கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க."