மறையாத சூரியனும் என் நோன்பும்

கடந்த ஆண்டு ரமலான் மாதம். சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக்கடை நடத்தும் குடும்பம் எங்களுடையது. லண்டனில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. அங்கே மருமகனை விட்டால் உதவிக்கு வேறு ஆளில்லை. கடையைப் போட்டுவிட்டு என் கணவரால் வர முடியாது. அதனால் நான் மட்டும் கிளம்பினேன். அவ்வளவு தூரம் நான் பறந்ததே இல்லை.

பயணத்தில் இருப்பவர் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று மார்க்கத்திலேயே சலுகை உண்டு. கணவர் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நான் அசைந்து கொடுக்கவில்லை. கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பதினாலு மணி நேரம் பறக்க வேண்டும்.

"காலையில பத்து மணிக்கு ஏறுறேன். ஏழரைக்குப் பொழுது சாஞ்சதும் வானத்துலயே நோன்பு தொறந்துட்டுப் போறேன். இதுல என்னலா கஷ்டம்?" என்றேன். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் யாருக்கும் தப்பு தெரியவில்லை.

விமானத்தில் விளக்கை அணைத்து ஜன்னல்களை மூடியிருந்தார்கள். என் கைக்கடிகாரத்தில் ஏழரை ஆனதும் கடையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பேரீச்சம்பழத்தையும் வடையையும் மடியில் பிரித்தேன். எதற்கும் பார்த்துவிடலாம் என்று, ஜன்னலோரம் இருந்த பெண்ணை மூடியைத் தூக்கச் சொன்னேன். அவர் செர்டாங்கைச் சேர்ந்த தமிழ்ப் பெண், லண்டனில் நர்ஸ். தூக்கியதும் கண் கூசியது. வெளியே கொளுத்தும் வெயில்!

"நம்ம மேற்கால போறோம்கா, சூரியனும் கூடவே வருது. லண்டன்ல எறங்கும்போதும் வெளிச்சமாத்தான் இருக்கும்" என்றார்.

எனக்குச் சூரியன் மேலேயே கோபம் வந்தது. நீயா நானா பார்த்துவிடலாம் என்று பொட்டலத்தை மறுபடி கட்டினேன். இறங்கவே நாலு மணி நேரத்துக்கு மேல் இருப்பதாகத் திரை காட்டியது. அப்புறம் அங்கே பொழுது சாய வேண்டும். பக்கத்தில் நான் பட்டினியாக இருக்கிறேன் என்று அந்தப் பெண் தனக்கு வந்த சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினார். சாப்பிடச் சொன்னால் பசிக்கவில்லை என்றார். பொய் என்று முகத்திலேயே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கழிவறைக்குப் போக எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது, கால் துவண்டது. அவர்தான் தாங்கிப் பிடித்து உட்கார வைத்து நாடி பார்த்தார்.

"உங்க நோன்பப் பத்திச் சொல்ல நான் யாருக்கா? ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அங்க போயி மகளுக்கு நீங்க ஆஸ்பத்திரியில தொணையா இருக்கணுமா, இல்ல உங்களுக்கு மக இருக்கணுமா?"

சுருக்கென்றது. அழுகையும் வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்தப் பட்டப்பகல் வெளிச்சத்தில் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். வடையை அவரிடம் நீட்டினேன். அவர் சாப்பிட்ட வேகத்தில்தான் அவருக்கு எவ்வளவு பசி என்று எனக்குப் புரிந்தது.

லண்டனில் தெம்பாக இறங்கினேன். அந்த வாரமே பேத்தி பிறந்தாள். மகளின் தலைமாட்டில் இரவு பகலாக நான்தான் நின்றேன். விட்ட நோன்பையும் பிறகு பிடித்துவிட்டேன்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு நோன்பு பிடிப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். அன்று ஒரு நோன்பை விடுவதற்குத்தான் அதைவிடப் பெரிய திடம் தேவைப்பட்டது.