நடந்தே போன டிரைவர்

செய்தி வந்த நேரம் நான் முரசுமோட்டை வயல் வரம்பில் அறுவடை மெசினுக்குக் கிறீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஒரு குரல்பதிவு. பேசியவர் முள்ளியவளை அன்ரன். என் பள்ளிச் சிநேகிதர் மகேந்திரனோடு தூரத்துப் பனி நாடு ஒன்றின் படையில் இருந்தவர். ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபடி பேசியிருந்தார்.

"அண்ணை, மகேந்திரண்ணை எங்களை விட்டிட்டுப் போயிட்டார். தனக்கு ஏதும் நடந்தால் வீட்டுக்கு நேர சொல்லாமல் உங்களுக்குச் சொல்லச் சொன்னவர். நீங்கள் பகிடிக்காரன், நீங்கள் சொன்னால் புஷ்பம் உடன நம்பாது, கொஞ்சம் கொஞ்சமா நம்பும் எண்டு சொன்னவர்."

மகேந்திரன் சொன்னபடியேதான் நடந்தது. அவருடைய மனைவி புஷ்பம், "உந்த விசயத்தில பகிடி விடாதேங்கோ அண்ணை" என்றார். நான் திரும்பவும் சொன்னேன். வெகுநேரம் கழித்துத்தான் புஷ்பம் கதிரையைப் பிடித்தார்.

முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற இந்தச் சிறு நினைவு மலருக்கு யாராவது படித்தவரைக் கொண்டு எழுதுவிப்போம் என்றுதான் நான் சொன்னேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். "நீங்களே எழுதுங்கோ. ஆனால் அவரை 'அவர்' எண்டு எழுதுங்கோ" என்றார் புஷ்பம். முப்பது வருடத்துக்கு மேலாக நான் அவரை 'டேய்' என்றுதான் கூப்பிட்டேன். இந்த மரியாதையைக் கேட்டால் அவரே சிரித்திருப்பார்.

மகேந்திரனின் தகப்பனார் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து காட்டோரத்தில் குடிசை போட்டார். மகேந்திரன் இந்த மண்ணில் பிறந்தும் பள்ளிக்கூடத்தில் அவரைத் 'தோட்டக்காட்டான்' என்றார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே ஒளிக்க மாட்டேன். அவர் கோபிக்கவில்லை. "எங்கட தோட்டத்தில தேயிலை வளர்ந்தது. உங்கட தோட்டத்தில பயித்தங்காயும் காணேல்லை" என்றார். அன்றுதான் சிநேகிதமானோம்.

பிறகு, வீட்டுக்கு ஒருவர் இயக்கத்தில் சேர்ந்து துவக்குத் தூக்க வரவேண்டும் என்ற காலம் வந்தது. அவருடைய தாயார் காமாட்சி அம்மா மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒரு பீப்பாவைப் புதைத்து, அதற்குள் மகனை இறக்கினார். மேலே பலகை, அதற்கு மேல் வைக்கோல். இது எனக்குத் தெரியும். வாயை அடக்கத் தெரியாதவன் என்று ஊரில் பெயர் எடுத்த நான் அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பின்னேரங்களில் கொட்டிலடிக்குப் போய் மாட்டுக்குப் பகிடி சொல்லுவேன். விசர் பிடித்துவிட்டது என்று சனம் நினைத்தது. வைக்கோலுக்குக் கீழே மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்கும்.

கடைசியில் அந்த வீட்டிலிருந்து போனது அவருடைய தங்கச்சி தேவகி. இன்றுவரை திரும்பவில்லை. காணாமல் போனவர்களின் தாய்மார் வீதியோரக் கொட்டிலில் படங்களோடு இருக்கிறார்களே, அங்கே காமாட்சி அம்மாவும் மகளின் படத்தோடு இருக்கிறார். மகேந்திரன் தங்கச்சியைப் பற்றி என்னோடு ஒரேயொரு தடவைதான் கதைத்தார். "அவள் நிண்டது என்ர இடத்தில மச்சான்" என்றார்.

யுத்தம் முடிந்த பிறகு உழவு இயந்திரம், லொறி, அறுவடை மெசின் எல்லாம் ஓட்டினார். கலியாணம் கட்டினார், ஒரு மகள் பிறந்தாள். இரண்டு போகம் வெள்ளம் வந்து நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவன் வந்தான். பனி நாட்டில் கொஞ்சக் காலம் டிரைவர் வேலை, பிறகு பிரான்ஸ் என்றான். "பிரான்சில உம்மட முகத்தைக் கண்டால் திருப்பி ஏத்தி விடுவாங்கள்" என்று நான் சொன்னேன். "அப்ப உமக்கு ஒரு வாசனைச் சென்ற் போத்திலாவது வரும்" என்றார். எங்கள் இருவருக்குமிடையே நேருக்கு நேர் நடந்த கடைசிக் கதை அதுதான்.

ஒரு மாதம் கழித்து அழைப்பு எடுத்தார்.

"டிரைவர் வேலை எண்டுதான் கையெழுத்து வேண்டினவங்கள் மச்சான். அந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாதுதானே. இப்ப உடுப்பும் துவக்கும் தந்திருக்கிறாங்கள். காலாட்படையாம்."

"வாகனம்?"

"வாகனம் எங்க? கால்தான்."

தண்ணீர், வெடிபொருள் சுமந்து முன்னரங்குக்குப் போவது, காயப்பட்டவர்களைத் தூக்கி வருவது, பதுங்குகுழிக்குக் கிடங்கு கிண்டுவது. நாற்பத்து மூன்று வயதில், முழங்கால் புதைகிற பனியில் அவர் செய்த சேவை அதுதான். பங்கர் வெட்டுவதில் அவருக்கு நிகர் யாரும் இல்லையாம். எங்கே பழகினாய் என்று மேலதிகாரி சைகையில் கேட்டானாம். "துவக்குத் தூக்காமல் ஒளிக்கப் பழகினது எண்டு அவனுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

"நீர் ஆரையும் சுட்டனீரோ?" என்று நான் ஒருநாள் பகிடியாகக் கேட்டுவிட்டேன். "அங்கால நிக்கிறவங்களும் வீட்டுக்கு ஒராளாய் வந்தவங்களாத்தான் இருக்கும்" என்றார். அதன் பிறகு நான் தொலைபேசியில் பகிடி விடவில்லை. விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு அது தேவைப்பட்டிருக்கும்.

காலில் காயப்பட்ட அன்ரனை முதுகில் சுமந்து வந்தபோதுதான் செல் விழுந்து வெடித்தது. இருவரும் ஒரு கிடங்குக்குள் விழுந்தார்கள். அன்ரனைப் பிறகு எடுத்துப் போனார்கள். மகேந்திரனின் உடலை எடுக்க முடியவில்லை. அந்த நாட்டிலிருந்து வந்த கடிதத்தில் 'காணாமல் போனவர்' என்று இருந்தது.

இந்தச் சொல் எங்கள் ஊரில் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது.

"காணாமப் போனவன்னுதானே போட்டிருக்கு? அப்ப எம்புள்ள இருக்கான்" என்றார் காமாட்சி அம்மா. நாற்பது வருடத்துக்கு மேல் வன்னியில் இருந்தும் அவருடைய பேச்சில் மலையகம் போகவில்லை. மகனின் படத்தையும் பெரிதாக்கிக் கொட்டிலுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். கிரியை செய்ய விடவில்லை.

புஷ்பம் என்னிடம் வந்தார். "மாமி எத்தினை வருசம் அந்தக் கொட்டிலில இருக்கிறா எண்டு பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் அண்ணை. நானும் பிள்ளையும் அதில போய் இருக்க ஏலாது. அவருக்காக ஒருக்கா அழ விடச் சொல்லுங்கோ."

அன்ரனுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, தொலைபேசியைக் காமாட்சி அம்மாவின் கையில் கொடுத்தேன்.

"நீ கண்ணால பாத்தியாப்பா, இல்ல ஆராவது சொன்னாங்களா?"

"கண்டனான் அம்மா. பக்கத்திலதான் கிடந்தனான். நான்தான் கண்ணை மூடிவிட்டனான்."

"தண்ணி குடுத்தியா?"

"போத்தில் தண்ணி உறைஞ்சு போச்சு அம்மா. பனியை என்ர வாயில வைச்சு உருக்கி, அவருக்கு விட்டனான். குடிச்சவர்."

காமாட்சி அம்மா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எம்மகளப் பத்தி இத்தன வருசமா எல்லாரையும் கேட்டேன். பாத்தேன்னு ஒருத்தரும் சொல்லல" என்றார். தொலைபேசியைப் புஷ்பத்திடம் கொடுத்தார். "ஐயரக் கூப்பிடு தாயி."

அடுத்த நாள் கொட்டிலுக்குத் தேவகியின் படத்தை மட்டும் கொண்டுபோனார்.

உடல் இல்லாதபடியால் ஐயர் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்தார். அதற்கு வேட்டி சுற்றிப் பாடையில் கிடத்தினோம். ஒரு கையால் தூக்கக்கூடிய பாரம். ஆனாலும் ஆறு பேர் தோள் கொடுத்தோம். படலையடியில் காமாட்சி அம்மா பாடையைத் தொட்டு, "ஆட்டாமக் கொண்டு போங்கப்பா" என்றார்.

சுடலை வரைக்கும் ஒருவரும் தோளை எடுக்கவில்லை. ஒரு முழு மனிதனைச் சுமக்கிறவர்கள் போலத்தான் மெதுவாக நடந்தோம்.

போய் வாரும், மகேந்திரன்.