ஒரு மணி வரை தாங்குமா அந்தப் போர்ட்

புட்டியைச் சாய்க்காதீர்கள், நகர்த்தாதீர்கள், யாரும் தொடக்கூட வேண்டாம் என்று தோழியின் வீட்டாரிடம் போனில் மூன்று தடவை சொல்லியிருந்தேன். முந்தின நாள் காலையிலிருந்தே அது நட்டுவைத்த மாதிரி நிற்க வேண்டும். இருபத்தாறு வருஷத்துப் போர்ட் ஒயின். அத்தனை காலம் படுத்தே கிடந்ததில் உள்ளே வண்டல் படிந்திருக்கும். நிமிர்த்தி வைத்தால் அது மெல்ல அடிக்கு இறங்கும், ஒரு நாள் பிடிக்கும். பிறகு மேலே தெளிந்ததை மட்டும் வடித்துக்கொள்ளலாம். புதுத்தண்ணீர் வந்த காலத்தில் வாய்க்கால் தண்ணீரைக் குடத்தில் தெளியவைக்கிற கணக்குத்தான்.

தோழியின் நிச்சயதார்த்தத்தன்று காலை ஒன்பதரைக்கு, நெடுங்காட்டிலிருந்து பஸ் பிடித்துக் காரைக்காலில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சாப்பாட்டு மேஜையின் நடுவில் புட்டி நிமிர்ந்துதான் நின்றது. ஆனால் கழுத்தில் ஒரு முழம் மல்லிகை.

"பூ யாரு போட்டது?" என்றேன்.

"நாந்தாம்மா," என்றார் தோழியின் அம்மா. "விடியக்காலைப் பூசை முடிஞ்சதும் மோதிரத்தை மந்திரிக்க மாதா கோயிலுக்குப் போனேன்ல. எங்க வீட்டுக்காரருக்கு இதுதானே உசுரு. இதையும் எடுத்துட்டுப் போயி சாமியார்கிட்ட மந்திரிச்சுட்டு வந்துட்டேன்."

"எப்படிம்மா எடுத்துட்டுப் போனீங்க?"

"ஸ்கூட்டியிலதான். பையில போட்டு காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டேன். ஒரு கீறல் படல, பாரு."

அந்தச் சாலையின் பள்ளமெல்லாம் எனக்குத் தெரியும். புட்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்புத் துகள்கள் புகை மாதிரிச் சுழன்றுகொண்டிருந்தன.

"கலங்கிருச்சும்மா."

"மந்திரிச்சது எங்கயாவது கலங்குமா?" என்றார் அவர், நிஜமான சந்தேகத்தோடு.

தோழியின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்பார்கள். மகள் பிறந்த வருஷத்துத் திராட்சையில் செய்த போர்ட்டை, அவளுக்கு மூன்று வயதானபோது பிரான்சில் வாங்கியிருக்கிறார். அவளுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கிற அன்றுதான் திறப்பது என்று தீர்மானம். ஊர் திரும்பிய பிறகு பன்னிரண்டு வருஷமாக அது பீரோவுக்குள், பட்டுப்புடவைகளுக்கு அடியில், பாச்சை உருண்டைகளோடு படுத்திருந்தது. ஒரு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தன் கையால் ஊற்றிக் கொடுத்து, "இது எம்பொண்ணு பொறந்த வருஷம்" என்று சொல்ல வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சம்பந்தி பாரிஸில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர், குடிவகை தெரிந்தவர், வாயும் கொஞ்சம் நீளம். கெட்டுப்போனதை ஊற்றிக் கொடுத்தால் ஆயுசுக்கும் பேசுவார்.

அதற்குத்தான் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் தோழியின் அப்பாவுக்கு வாசனை போய்விட்டது. போனது திரும்பவில்லை.

"இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும். மத்ததெல்லாம் உன் வாயாலதாம்மா," என்றார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு. "கெட்டிருந்தா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. எனக்காக மூடி மறைக்காத."

நான் புதுச்சேரியில் ஓட்டல் படிப்பு முடித்து, ஒயின் ருசிபார்க்கும் பயிற்சியில் முதல் நிலை தேறியவள். சான்றிதழ் வந்த அன்றே படம் எடுத்துத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். அதில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த மாதிரிப் பழைய போர்ட்டை என் வாழ்நாளில் இரண்டே தடவைதான் ருசித்திருந்தேன். இரண்டு தடவையும் இருமல் மருந்து மூடி அளவு.

தக்கை பாதியில் உடைந்தது. மீதியைத் திருகித் திருகி எடுத்ததில் தூள் உள்ளே விழுந்தது. வென்னீரில் அலசிய பழைய மல்துணியை மடித்து, தண்ணீர் ஜக்கின் வாயில் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வடித்தேன். முக்கால் லிட்டரில் அரை லிட்டர் தேறியது. அடியில் இருந்ததைச் சேறு என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் நிறம். வெள்ளைத் தாளுக்கு மேல் தம்ளரைச் சாய்த்தேன். நடுவில் இன்னும் கருஞ்சிவப்பு, விளிம்பில் செங்கல் ஊறின தண்ணீர் மாதிரி. வயதுக்குச் சரிதான். மூக்கை உள்ளே விட்டேன். வார்னிஷ். அதற்குப் பின்னால் பாச்சை உருண்டை. அது ஒயினிலிருந்து வருகிறதா, புட்டியின் மேலிருந்து என் விரலுக்கு வந்து, விரலிலிருந்து வருகிறதா? ஓடிப்போய்க் கையைக் கழுவினேன். கழுவினால் சோப்பு மணக்கிறது.

"என்னாம்மா?" என்றார் அவர்.

"இருங்கப்பா. காத்து படணும்."

பத்து நிமிஷம் கழித்து வாயில் வைத்தேன். முதலில் ஒரு சுருக். பிறகு பேரீச்சை, நெய்யில் பொரித்த திராட்சை, முற்றின வெல்லப்பாகு, முடிவில் நாவற்பழம் தின்ற பிறகு நாக்கில் நிற்கும் துவர்ப்பு. உயிர் இருந்தது!

துப்பக் கிண்ணம் தேடினேன். ருசிபார்க்கிறவர்கள் விழுங்க மாட்டார்கள், துப்பிவிடுவார்கள். அதுதான் தொழில்.

"ஐயோ, துப்பாதம்மா!" என்று தோழியின் அம்மா என் கையைப் பிடித்தார். "மந்திரிச்சது. நல்ல நாளும் அதுவுமா!"

விழுங்கினேன்.

ருசி நாக்கில் எத்தனை விநாடி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணினேன். இருபது.

"நல்லாருக்குப்பா," என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஆனா ஒரு மணி வரை தாங்குமா?"

அந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். இத்தனை வயதான ஒயின் காற்றுப்பட்டதும் சில சமயம் சட்டென்று படுத்துவிடும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சில சமயம் மணிக்கணக்கில் மலர்ந்துகொண்டே போகும் என்றும் சொல்லியிருந்தார்கள். இது எந்த வகை? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பதைத் தவிர வழி தெரியவில்லை. பார்த்தேன். விழுங்கினேன். பதினைந்து வரை எண்ண முடிந்தது. மறுபடி பார்த்தேன். பன்னிரண்டு. பேரீச்சையைக் காணோம். மறுபடி. எட்டு. வெறும் இனிப்பும் காரமும்தான் மிச்சம்.

பாதி தலை பின்னிய கோலத்தில் தோழி எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, எனக்கு நிச்சயமா, உனக்கு நிச்சயமா? மூஞ்சி இப்படி வேர்த்துக் கொட்டுது."

நான் அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். "அப்பா, இது இறங்கிட்டே வருது. ஒரு மணிக்கு ஒண்ணும் இருக்காது. குடிக்கிறதா இருந்தா இப்பவே குடிச்சுடணும்."

மணி பதினொன்றேகால். மாப்பிள்ளை வீட்டார் சீர்காழி தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது.

அவர் ஜக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"சரி," என்றார்.

வீட்டிலிருந்த ஆறு பேரும் மேஜையைச் சுற்றி நின்று குடித்தோம். யாரும் உட்காரக்கூட இல்லை. தோழி பின்னலைப் பிடித்துக்கொண்டே ஒரே மடக்கில் விட்டு, "ஹா, சுடுது" என்றாள். அவள் சித்தி முகத்தைச் சுளித்தாள். அப்பா மட்டும் வாயில் வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினார். "இனிப்பா இருக்கு," என்றார். வேறு என்ன சொல்ல முடியும் அவரால்? நான் பேரீச்சையையும் நாவற்பழத்தையும் வேகவேகமாக ஒப்பித்தேன். அவர் தலையாட்டினார். சொல்ல நினைத்திருந்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய ஆள் இன்னும் வரவில்லையே.

பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். செபம், மோதிரம், போட்டோ. தலை லேசாகச் சுற்றியபோதுதான் காலையிலிருந்து நான் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது உறைத்தது. சமையலறைக்குப் போய் ஒரு கைப்பிடி வெறும் சோற்றைத் தின்று, ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். ஜக் அங்கேதான் இருந்தது. அடியில் கலங்கலாக இருக்கிறது என்று யாருக்கும் ஊற்றாமல் விட்டது, இரண்டு விரல் உயரம். இப்போது செத்திருக்கும், சரியாகத்தான் சொன்னேன் என்று உறுதி செய்துகொள்ளத்தான் ஒரு வாய் எடுத்தேன்.

பேரீச்சை இருந்தது. அத்தி புதிதாக வந்திருந்தது. பாச்சை உருண்டை போயே போயிருந்தது. எண்ண ஆரம்பித்து நாற்பதில் நிறுத்திவிட்டேன், பயத்தில்.

ஒயின் இறங்கவே இல்லை. இறங்கியது என் நாக்கு. வெறும் வயிற்றில், துப்பாமல், வாய் கொப்பளிக்காமல் விழுங்கி விழுங்கி மரத்துப்போன நாக்கை வைத்துக்கொண்டு ஒயினுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். மணி பன்னிரண்டு ஐம்பது. இன்னும் பத்து நிமிஷத்தில் அவர் ஊற்றியிருக்க வேண்டியது.

சொல்லாமலே இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியவே வழியில்லை. அதுதான் தாங்கவில்லை. கூடத்துக்குப் போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அப்பா, நான் தப்பாச் சொல்லிட்டேன். அது நல்லாத்தான் இருக்கு. காலையில இருந்ததை விட நல்லாருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "எவ்வளவு மிச்சம்?"

"ரெண்டு தம்ளருக்கு வராது. கலங்கலா வேற இருக்கு."

கோபப்படுவார் என்று நின்றேன். அவர் என்னைக் கடந்து சமையலறைக்குள் போனார். மறுபடி வடிக்க நேரமில்லை. இருந்ததை ஒரே தம்ளரில் ஊற்றி, கூடத்தில் எல்லோர் முன்னாலும் சம்பந்தியின் கையில் கொடுத்தார். "இது எம்பொண்ணு பொறந்த வருஷம்," என்றார்.

சம்பந்தி மோந்து பார்த்தார். பேச்சை நிறுத்தினார். ஒரு வாய் குடித்தார், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வாய்.

"இவ்வளவுதான் இருக்கா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"என்னா சம்பந்தி! தெளிவை எல்லாம் பொண்ணு வீட்டுல குடிச்சுட்டு, வண்டலை எனக்கு வச்சிருக்கீங்களே!"

கூடமே சிரித்தது. மாப்பிள்ளைகூடச் சிரித்தான். தோழியின் அப்பாவும் சிரித்தார். "அவசரப்பட்டுட்டோம் சம்பந்தி," என்றார். யார் என்று சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. பந்திக்கு இலை போட ஆரம்பித்திருந்தார்கள். என்னை யாரோ உட்காரச் சொன்னார்கள். சம்பந்தி தம்ளரைக் கீழே வைக்காமல், அடியில் ஒட்டியிருந்ததைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இலையை நோக்கி நடந்தார்.